கதைக்காத ரேடியோ

என் மூக்குக்கண்ணாடியின் இடது கண்ணைக் கழற்றி, பழைய இங்கிலீஷ் அகராதியில் செய்த பஸ்ஸுக்கு முன்கண்ணாடியாக ஒட்டியவள் எதிர்வீட்டு ராத்தாதான். இரண்டு நாளாகக் கண்ணாடியைக் காணவில்லை என்று வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் தேங்காய் துருவி இரவல் கேட்டு அவள் வீட்டுக்குப் போனால், மேசையில் பஸ் நிற்கிறது. கீழே உருள நாலு சட்டைத் தெறி நாலு சில்லு. நெற்றியில் தீப்பெட்டி அட்டையில் 'அக்கரைப்பற்று' என்று போர்டு. சாரதியின் இடத்தில் ஒரு கஜுக்கொட்டை, தலையில் வெள்ளை நூலால் பின்னிய தொப்பியோடு. என் கண்ணாடிக்குப் பின்னால் அது இரண்டு மடங்கு பெருத்துத் தெரிந்தது.

"அல்லாவே, ராத்தா! இது எண்ட கண்ணாடி!"

"ஓம் புள்ள. எண்ட யன்னல்ல சும்மா கிடந்திச்சு. ஒரு வேலை குடுத்தன்."

கோபம் வந்ததுதான். ஆனால் அந்தக் கஜுக்கொட்டைச் சாரதியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்? விழுந்து விழுந்து சிரித்தேன். புதுக் கண்ணாடியை நானே வாங்கிக்கொண்டேன். அப்பொழுதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. எனக்கு அவள்மீது அவ்வளவு பிரியம்.

கல்முனைக்குடியில் எங்கள் ஒழுங்கையில் எதிர்வீடு. என்னைவிடப் பத்து வயது மூப்பு. ஊருக்கு அவள் பசை ராத்தா. மரவள்ளி மாவைக் கரைத்து, பூச்சி அண்டாமல் இருக்க அதில் துருசு என்ற நீல நஞ்சைப் போட்டு, அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருப்பாள். விரல்களில் எந்நேரமும் பசை காய்ந்திருக்கும். கதைக்கும்போது அதைத் தோல் உரிப்பதுபோல உரித்து உரித்து மடியில் போடுவாள். கலியாண வீட்டில் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடும்போது, துருசுக் கை என்று அவளுடைய சஹனுக்கு ஆள் சேராது. நான் போய் உட்காருவேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் அவளோடு ஒரே சஹனில் கை வைத்துச் சாப்பிட்டவள்.

அவள் செய்வதற்கு ஊரில் பெயர் இல்லை. "சாமான் ஒட்டுறா" என்பார்கள். கிழிந்த புத்தகம், உடைந்த மணிக்கூடு, சீப்பு, போத்தல் மூடி, தையல் மெசின் ஊசி, எதுவும் அவளுக்குக் காணும். ஒரு தடித்த ரெலிபோன் புத்தகத்தை அடுக்குமாடி வீடாக வெட்டி, ஒவ்வொரு யன்னலிலும் ஒவ்வோர் உளுந்து வைத்து, "எல்லாரும் எட்டிப் பார்க்கிறாக, ஒருத்தரும் போன் எடுக்கிறாகல்ல" என்றாள். சிங்கள அகராதியையும் தமிழ் அகராதியையும் முதுகோடு முதுகு ஒட்டி, நடுவில் பழைய காற்சட்டையின் சிப் ஒன்றை வைத்துத் தைத்தாள். "ரெண்டு பேரும் கதைக்கிறெண்டா இழுத்துத் திறக்க வேணும். திறந்தாலும் பல்லுத்தான் தெரியும்" என்று அவளே சிப்பை இழுத்துக் காட்டிச் சிரித்தாள். பாண்டிருப்பில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, தன் பழைய புத்தகங்களை இரண்டு சாக்கில் கட்டி ஓட்டோவில் அனுப்பினார்.

கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, கரையில் மாதக்கணக்காகத் பூட்டுகளின் திறப்புகளைப் பொறுக்கினாள். வீடுகள் போய்விட்டன, திறப்புகள் மட்டும் மணலில் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரு தேசப்படப் புத்தகத்தின் நீலப் பக்கத்தில் மீன் செதிலாக அடுக்கி ஒட்டினாள். மருதமுனை ஆள் ஒருவர் அதில் சிவப்பு நூல் கட்டிய திறப்பு ஒன்றைத் தொட்டுக்கொண்டு நின்றார். "இது எங்கிட முன்கதவுத் திறப்பு" என்றார். கழற்றித் தரட்டுமா என்று நான்தான் கேட்டேன். "வேணாம் தங்கச்சி, கதவில்லாத திறப்பை வச்சு நான் என்ன செய்ய? இதிலயே இரிக்கட்டும்" என்று போய்விட்டார். அவர் போன பிறகு, அந்தத் திறப்பு ஆடுகிறதென்று அவள் இன்னும் கொஞ்சம் பசை வைத்தாள்.

இதனால்தான் ஊர் அவளை நம்பியது. அவள் கைக்குப் போன எதுவும் வீண்போகாது என்று ஒரு பேச்சு. அதைவிட முக்கியமாக ஒரு வேலையை ஊர்ப் பெண்கள் அவளிடம் விட்டிருந்தார்கள். எங்கள் வீடுகளில் அறபெழுத்து உள்ள கடதாசியைக் குப்பையில் போட மாட்டோம். நிலத்தில் கிடந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றி உயரத்தில் வைப்போம். கிழிந்த குர்ஆன் பக்கம், ஓதல் கிதாபு, பிஸ்மி அச்சடித்த கலியாணக் காட் எல்லாம் அலுமாரிக்கு மேல் சேர்ந்துகொண்டே போகும். அவற்றை மூட்டையாகக் கட்டி அவளிடம் கொடுத்துவிடுவோம். அவள் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பிரிப்பாள். அறபெழுத்து இருந்தால் ஒரு வெள்ளைச் சாக்கு. மற்றதெல்லாம் அவளுடைய பசைக்கு. வெள்ளைச் சாக்கு நிரம்பினால் கல் வைத்துக் கட்டி, அவளுடைய தம்பியின் தோணியில் ஏற்றி, அலைக்கு அப்பால் ஆழத்தில் இறக்கச் சொல்வாள். அதில் அவள் ஒரு தாளைக்கூடத் தொட்டதாக யாரும் சொன்னதில்லை.

நான் தபாற் கந்தோரில் வேலை. இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்களின் கடிதங்கள் என் கையால் போகின்றன. ஆள் இல்லாமல் திரும்பி வந்த கடிதங்கள் ஒரு மேசை லாச்சிக்குள் கிடப்பதைக் கதையோடு கதையாக ஒருநாள் அவளிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து விட்டாளா?

"ரெண்டே ரெண்டைத் தாவேன் புள்ள. சும்மாதானே கிடக்குது."

"எண்ட வேலையும் போகும், ஈமானும் போகும். சும்மா இரிங்க."

"உள்ளுக்கு என்ன எழுதியிரிக்கெண்டு பார்க்க ஒனக்கு ஆசை வாறல்லயா?"

"இல்ல."

"பொய் சொல்றாய்" என்று என் முகத்தை உற்றுப் பார்த்தாள். உண்மையாகவே எனக்கு வந்ததில்லை. மூடிய உறை என்றால் எனக்கு மூடிய கதவு. அவளுக்கு அது சும்மா கிடக்கும் பெட்டி. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் இவ்வளவுதான், இதைப் போய் நான் விளையாட்டு என்று நினைத்தேன்.

இனி உம்மாவின் கதை. உம்மா என்னை மூத்தவள் என்றுதான் சொல்லுவாள். உம்மா மவுத்தாவதற்கு முந்திய வருஷம், கால் தடுமாறும் வயதில், நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து விறகடுப்பை மூட்டியிருக்கிறாள். சீலைத் தலைப்பில் தீ பிடித்துவிட்டது. ஒழுங்கையில் போன யாரோ ஓடிவந்து அணைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அடுப்படிக்குப் போகாதே என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! சத்தம் போட்டு ஏசியிருந்தால் ஒரு மணித்தியாலத்தில் தீர்ந்திருக்கும். நான் ஏசவில்லை. கதைப்பதை நிறுத்தினேன். சோறு வைப்பேன், மருந்து கொடுப்பேன், சலாமுக்குப் பதில் சொல்வேன், அவ்வளவுதான். ஒரு முஸ்லிம் இன்னொருவரோடு மூன்று நாளைக்கு மேல் கதைக்காமல் இருக்கக்கூடாதென்று மதரசாவில் படித்த பிள்ளைக்கும் தெரியும். நான் பதினொரு நாள் இருந்தேன். பெற்றவளோடு.

பன்னிரண்டாம் நாள் சந்தையில் நல்ல பாரை மீன் வந்திருந்தது. வாங்கிக்கொண்டு வந்து உம்மாவுக்கு முன்னால் வைத்து, "நீங்களே ஆக்குங்க, நான் பக்கத்தில நிக்கிறன்" என்றேன். உம்மா எழும்பிப் போய் அரிவாளைத் தேடினாள். அதைப் பற்றி அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.

உம்மா மவுத்தான பிறகு அந்தப் பதினொரு நாளும் என்னைப் பிடித்துக்கொண்டன. மற்ற எதுவும் நினைவில் இல்லாததுபோல அதுவே வந்து வந்து நின்றது. உம்மா அதை மனதில் வைத்துக்கொண்டுதான் போனாளா? மன்னித்தாளா? யாரிடம் கேட்பது! ஒருநாள் தாங்க முடியாமல் பசை ராத்தாவின் மடியில் விழுந்து அழுது எல்லாவற்றையும் சொன்னேன். உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் சொன்னேன். அவள் துருசுக் கையால் என் தலையைத் தடவி, "உம்மாமார் அதெல்லாம் எண்ணிக்கொண்டிரிக்க மாட்டாங்க புள்ள. அண்டைக்கே மறந்திருப்பா" என்றாள். அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து உம்மாவின் அலுமாரியை ஒதுக்கும்போது கொப்பி ஒன்று அகப்பட்டது. பிஸ்கட் பேணிக்குள், பச்சை மையில், பக்கம் பக்கமாக அறபெழுத்து. எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். ஆனால் உம்மா உச்சரிப்புக் குறி ஒன்றும் போடாமல், புள்ளிகளை இழுத்துக் கிறுக்கியிருந்தாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. உம்மா எந்நேரமும் துஆ ஓதிக்கொண்டிருப்பவள். ஓதல்தான் எழுதி வைத்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவளுக்கு அவளுடைய உம்மா அந்தப் பழைய எழுத்தெல்லாம் படிப்பித்திருந்தாள்.

"என்ன இரிக்கி ராத்தா இதில?"

அவள் கொப்பியைப் பிரித்தாள். ஒரு பக்கம் பார்த்தாள், இன்னொரு பக்கம் பார்த்தாள். விரலில் இருந்த பசையை உரிக்க மறந்து பார்த்தாள். நான் பிளேன்டி குடித்து முடிக்கும்வரை பார்த்தாள். பிறகு மூடி வைத்தாள்.

"துஆதான் புள்ள. ஓதல்."

"அப்ப கடலுக்கு அனுப்பிடுங்க. இது எண்ட உம்மாட அமானிதம்."

"ஓம், ஓம். நான் பார்த்துக்கொள்றன்."

அமானிதம், நம்பி ஒப்படைக்கிற பொருள், என்று வாயால் சொல்லித்தான் கொடுத்தேன். அந்தச் சொல்லுக்கு மேல் எங்கள் ஊரில் பூட்டு இல்லை.

ஒன்றரை வருஷம் கழித்து அவளுடைய சாமான்களுக்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகள் சிலர் அவளுடைய வேலைகளைப் படமெடுத்துப் போட்டு, அது பரவி, கல்முனையில் ஒரு மண்டபம் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. கந்தோரில் அரைநாள் லீவு போட்டேன். புது அபாயா உடுத்தேன். தொதல் கிண்டித் தட்டில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு போனேன். கஜுக்கொட்டைச் சாரதி வாசலிலேயே என்னை வரவேற்றார். "இது எண்ட கண்ணாடி, தெரியுமா?" என்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டு நின்றேன்.

உள்ளே ஒரு மேசையைச் சுற்றித்தான் கூட்டம். பிள்ளைகள் முறை வைத்து நின்றார்கள். போய்ப் பார்த்தால் பழைய மரப்பெட்டி ரேடியோ ஒன்று. வயிற்றை வழித்து எடுத்துவிட்டு, உள்ளே ஒரு சின்ன அறை. அறைக்குள் டின்மீன் பேணித் தகரத்தில் செய்த இரண்டு குட்டிக் கதிரைகள், முதுகுக்கு முதுகு. ரேடியோவின் குமிழைத் திருகினால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும். எவ்வளவு சுற்றினாலும் ஒன்றையொன்று பார்க்காது. பிள்ளைகள் திருகித் திருகிச் சிரித்தார்கள். பெரியவர்கள் போனில் எடுத்தார்கள். மேலே அட்டையில் பெயர்: 'கதைக்காத ரேடியோ.' நானும் சிரித்தேன். ஆம், முதலில் நானும்தான் சிரித்தேன்.

அப்போது பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி குனிந்து அறையின் சுவரைப் பார்த்தாள். சுவர் முழுக்கப் பச்சை மையில் எழுதிய தாள்.

"இஞ்ச பாருங்கடி! அறபுத்தமிழ்!" என்று பேத்திகளைக் கூப்பிட்டாள். "எழுத்து அறபு, கதை நம்மிட தமிழ். எங்கிட காலத்தில பொம்புளையள் கடிதமெல்லாம் இதிலதான் எழுதுற."

"வாசிங்க, வாசிங்க" என்றார்கள் பேத்திகள்.

கிழவி கண்ணைச் சுருக்கி, பாட்டுப்போல இழுத்து வாசித்தாள். "மூத்தவள் கதைக்கல்ல. மூணாம் நாள்." அடுத்த தாளுக்குப் போனாள். "மூத்தவள் கதைக்கல்ல. நாலாம் நாள். நான் சலாம் சொன்னன். பதில் சொன்னா. வேற ஒண்டும் இல்ல." பிறகு, "ஒன்பதாம் நாள். கோழி ரெண்டு முட்டை. மூத்தவள் கதைக்கல்ல."

"ஆரு பெத்த புள்ளையோ, கல்லு நெஞ்சு!" என்றாள் கிழவி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

தொதல் தட்டோடு குனிந்து அந்தப் பச்சை மையைப் பார்த்தேன். உம்மா எண்ணியிருக்கிறாள். ஒவ்வொரு நாளாக எண்ணி எழுதியிருக்கிறாள். அது துஆ அல்ல, அது நான். அப்பொழுதுதான் அந்தக் கதிரைகளை இன்னொரு தரம் பார்த்தேன். ஒன்றின் மேல் வெள்ளைத் துணித் துண்டு, உம்மா தலையில் போடும் துப்பட்டாபோல. மற்றதன் இருக்கையில் ஒரு தபால் முத்திரை ஒட்டியிருந்தது.

தட்டைச் சுவரோரக் கதிரை ஒன்றில் வைத்துவிட்டு நடந்தேன். மண்டபத்தின் மறுகோடியில் அவள் யாருக்கோ சிப் அகராதியை இழுத்துக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் பசை கிண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் நேத்து சொல்லாமப் போன நீ? தொதல் நல்லாயிரிந்திச்சு."

"துஆ எண்டு சொன்னீங்களே ராத்தா."

அகப்பை நின்றது. என் முகத்தைப் பார்க்காமல் சட்டிக்குள் பார்த்தாள்.

"சொன்னா நீ தாங்க மாட்டாய் எண்டுதான் புள்ள."

"எனக்குச் சொன்னாத் தாங்க மாட்டன். ஊருக்குக் காட்டினாத் தாங்குவனா?"

"ஒண்ட பேரு எங்கயாச்சும் இரிக்கா? மூத்தவள் எண்டுதானே இரிக்கி. இந்த ஊரில எத்தினை மூத்தவள்!"

"முத்திரை?"

அகப்பையைத் திரும்பக் கிண்டிக்கொண்டு, "அது வடிவா இரிந்திச்சு" என்றாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது வடிவாகத்தான் இருந்திருக்கும். "அந்தப் பக்கங்களை வாசிச்ச நேரம் எனக்கு நித்திரை இல்ல புள்ள. மூணாம் நாள், நாலாம் நாள், அஞ்சாம் நாள் எண்டு ஒண்ட உம்மா எழுதியிரிக்கிற எழுத்து... அதைப் போய்க் கடலுக்குள்ள போடச் சொல்றாய். சும்மா கிடந்து உப்பில கரையப் போகுது. எனக்கு மனசு வரல்ல." பதினொரு நாளையும் வரிசையாக, ஒரு சொல் பிசகாமல் அவள் சொன்னாள். ஏழாம் நாள் உம்மாவுக்குக் காய்ச்சலாம். எனக்குச் சொல்லவில்லையாம். அது எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும்.

அவளுடைய வாசற்படியில் உட்கார்ந்தேன். கோபம்கூடத் தள்ளி நின்றது. எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும்.

"பன்ரெண்டாம் நாள் எங்க ராத்தா?"

"எது?"

"நான் கதைச்ச நாள். பாரை மீன் கொண்டுவந்து ஆக்கச் சொன்ன நாள். உம்மா அதை எழுதல்லயா?"

அவள் யோசித்தாள். விரலில் காய்ந்த பசையை உரித்தபடி உண்மையாகவே யோசித்தாள்.

"எழுதியிரிந்தா. ஓம், எழுதியிரிந்தா. ஒரு பக்கம் முழுக்க. மீனாணம் ஆக்கினதுபற்றி, புளி கூடிப்போச்சு எண்டு... ஒன்னப்பற்றியும் நிறைய எழுதியிரிந்தா."

"என்ன எழுதியிரிந்தா?"

"அயத்துப் போச்சு புள்ள, ஞாபகம் இல்ல."

"அந்தப் பக்கத்தத் தாங்க."

"அது இல்ல. அதில ஒட்டுறதுக்கு ஒண்டுமில்லையே, அது நல்ல நாள்தானே. அதுக்குப் பிறகு இரிந்ததெல்லாம் அப்பிடித்தான். எல்லாத்தையும் சாக்கில போட்டுக் கடலுக்கு அனுப்பிட்டன்." பிறகு, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல, "நீ சொன்ன மாதிரியே" என்றாள்.

கண்காட்சி முடிந்ததும் ரேடியோவை அவளே தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்விறாந்தையில் வைத்துவிட்டுப் போனாள். "எடுத்துக்க, இது ஒனக்குத்தான்" என்றாள். உடைத்து எரிக்கத்தான் நினைத்தேன். சுவரில் அறபெழுத்து, அடுப்பில் வைக்க முடியாது. கடலில் போடலாம் என்றால், உம்மாவின் கையெழுத்தில் எனக்கு மிஞ்சியது அந்தப் பதினொரு நாள் மட்டும்தான். அலுமாரிக்கு மேல், பிஸ்கட் பேணி இருந்த இடத்தில், அது இன்னும் இருக்கிறது. குமிழை நான் திருகுவதில்லை.

அவள் முதல் நோன்பன்று கஞ்சி அனுப்பினாள். சட்டியைக் கழுவித் திருப்பி அனுப்பினேன். பெருநாளைக்கு முத்திரை ஒட்டாத ஓர் உறையை வேலியில் செருகி வைத்தாள். பிரிக்காமல் அவளுடைய வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். கண் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று அவளுடைய மகள் வந்து அவளை அக்கரைப்பற்றுக்குக் கூட்டிக்கொண்டு போன அன்று, சாமான்களெல்லாம் லொறியில் ஏறிய பிறகு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து எங்கள் வாசலுக்கு வந்தாள். படலைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் அன்றும் பசை காய்ந்திருந்தது.

சலாம் சொன்னாள். நான் பதில் சொன்னேன். வேறொன்றும் இல்லை.